வியாழக்கிழமை நோன்பும் உன் இரத்தச் சோதனையும்

மகன்,

என் ஸலாம் முதலில் வந்து சேரட்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வருகிறது. எழுதுகிறவர் யாரென்று உனக்குத் தெரியும். கல்முனை பசாரில் சாரன் கடை வைத்து ஆட்சி செய்யும் மாமன்னர். அவர் இடுப்பில் கட்டும் ஒரு மருதமுனைக் கைத்தறிச் சாரனை விரித்துக் கதைக்கத் தொடங்கினால் அறுகம்பேயில் அலை பாதியில் நின்று காது கொடுக்கும். அலைக்காகக் காத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகையை விற்றுவிட்டுச் சாரன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். அப்படிப்பட்ட வாய், மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வார்டில் உன் கட்டில் காலடியில் நின்ற அன்று திறக்கவில்லை. நீ கண்ணை மூடிக் கிடந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. உன்னைப் பார்க்க வரும் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்றுதான் பஸ் ஏறுகிறேன். உன் முகத்தைக் கண்டதும் வாய் ஒரு பகிடியை எடுத்து விடுகிறது, நீ சிரிக்கிறாய், பார்க்கிற நேரம் முடிந்துவிடுகிறது. கடதாசிக்குச் சிரிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். நீ வாசித்து ஓம் என்று சொன்னால் இதை ஊருக்கும் வாசிக்கக் கொடுப்பேன். பிள்ளையின் நோய் வருத்தத்தை ஒளித்துக் கல்யாணம் பேசும் வாப்பாமார் எங்கள் கரை முழுக்க இருக்கிறார்கள்.

உன் வருத்தத்தை உனக்கே விளக்கத் தேவையில்லை. நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன். எலும்புக்குள் இருக்கும் மச்சை இரத்தம் உண்டாக்குவதைக் குறைத்துவிட்டது என்றார் கிளினிக் லேடி டொக்டர். நீ வெளிறிப்போய், தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்த காலம் அது. அவர் எழுதித் தந்த குளிசைதான் மச்சையைத் தட்டி எழுப்பியது. அது ஸ்டீரொயிட் வகை, ஆண் ஓமோன் சுரப்பைப் போலச் செய்த மருந்து என்று அவர் சொன்னதும், கடற்கரை ரோட்டு ஜிம்மில் பலாப்பழம் பலாப்பழமாகக் கை வைத்துக்கொண்டு திரியும் பொடியன்மார்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். "என்ட மகனும் அப்படி வீங்குவாரா டொக்டர்? சேட்டெல்லாம் புதிசாத் தைக்கணுமே" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க தாங்களா வாங்கிப் போடுறாங்க, ஒரு சோதனையும் இல்லாம. ஈரல் பழுதாகி எங்களிட்டத்தான் வாறாங்க. உங்கட மகனுக்கு இது நான் அளந்து குடுக்கிற மருந்து. அளந்து குடுத்தா அளந்து பார்க்கவும் வேணும்" என்றார். இந்தக் குளிசை இரத்தத்தைக் கூட்டும்போது ஈரலின் மேல் பாரம் ஏற்றும். நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைத்துக் கெட்டதைக் கூட்டும். ஆகவே தவணைக்குத் தவணை இரண்டையும் சோதிக்க வேண்டும், சோதனைக்கு முதல் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படக்கூடாது. இதை நான் உன் உம்மாவுக்கு வயற்காரத் தமிழில் மொழிபெயர்த்தேன்: ஈரல்தான் உடம்பின் வட்டவிதானை, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று திறந்து மூடுகிறவர், அவர் களைத்துப் படுத்தால் மேல்வயல் காயும், கீழ்வயல் அழுகும். உம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப விதானைக்கு நெய் ஒத்துக்காதே" என்றா. அன்றே நெய்ப் போத்தல் நம் வீட்டு அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது.

ஒவ்வொரு சோதனைக்கும் நான்தான் உன்னோடு வந்தேன். நீ மீசை முளைத்துப் பல காலமான ஆண்பிள்ளை. ஆனாலும் லெப்பில் உன் பேரைக் கேட்டால் நான் சொல்வேன், வயதைக் கேட்டால் நான் சொல்வேன், என்ன சாப்பிட்டார், நித்திரை எப்படி, ஒன்றுக்கு என்ன நிறத்தில் போகிறது, எல்லாவற்றுக்கும் நீ வாயைத் திறக்க முன் என் பதில் முடிந்திருக்கும். ரிப்போட் நல்லதாக வந்தால் பசார் முழுக்க என் செலவில் பிளேன்டீ. இரத்தம் உன்னுடையது, வெற்றி என்னுடையது. அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு நற்பிட்டிமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. வயலும் வீடும் உள்ள குடும்பம், வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மாவும் ஒரே பிள்ளை ஹஸ்னாவும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே நீ சொன்னாய், "வாப்பா, வருத்தத்தச் செல்லிப்போட்டுச் செய்வம். அவங்க ஓமெண்டா ஓம், இல்லாட்டி இல்ல." நான் கதிரையில் நிமிர்ந்து இருந்து வாதாடினேன். "ஸ்டீரொயிட் எண்டு வாயைத் திறந்தா ஊரில பாதிப் பேர் உன்ன ஜிம் பொடியன் எண்டுவாங்க. மத்தப் பாதிப் பேர் ஆம்பிளத்தனம் குறைஞ்சவன், அதான் குளிசையில ஓடுறான் எண்டுவாங்க. ரெண்டும் பொய். ஊர் பொய் செல்லக் கூடாதெண்டுதான் நான் உண்மையச் செல்ல வேணாமெங்கிறன்." இதைக் கேட்டிருந்தால் ஒரு சட்டத்தரணி தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கப் போயிருப்பார். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறும் நம் வழக்கப்படி உன்னைக் கொண்டுபோய் விடுவதற்கு முன், உன் குளிசைகளை ஒரு விட்டமின் போத்தலுக்குள் கொட்டி மூடித் தந்தவனும் நான்தான். உம்மா பார்த்துக்கொண்டு நின்று, "செய்றது சரியில்ல" என்றா. "நீ அடுப்பில இரிக்கிற வட்டிலப்பத்தப் பாரு" என்றேன். நிக்காஹ் முடியட்டும் சொல்லலாம் என்றேன். முடிந்ததும் பெருநாள் போகட்டும் என்றேன். பெருநாளும் போனது.

மருமகனுக்கு மாமிமார் ஊட்டுவது நம் கரையின் வழக்கம்தான். உன் மாமி நடத்தியது ஒரு படையெடுப்பு. சுபஹ் தொழுது ஸலாம் கொடுக்க முன் முட்டைக்கோப்பி. பகலைக்கு நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, பொரித்த ஈரல், அதற்கு மேல் எருமைத் தயிர். நற்பிட்டிமுனைக் கோழிகள் உன் நிக்காஹ் அன்றே கூட்டம் கூடி ஒன்றுக்கொன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாகக் கேள்வி. ஆண்பிள்ளை இல்லாத அவவுக்கு நீ கையில் வந்து விழுந்த மகன். "இன்னும் கொஞ்சம் மகன்" என்று அவ நிற்கும்போது காரணம் சொல்லாமல் எப்படி மறுப்பது? காரணத்தை நான் போத்தலில் போட்டு மூடியிருந்தேன்.

அப்படியிருக்கச் சோதனை நாள் வந்தது. முதல் நாள் நீ போன் எடுத்தாய். "வாப்பா, நாளைக்கு வெறும் வயித்தில போகணும். மாமி முட்டைக்கோப்பிய வெச்சிக்கிட்டு வாசல்ல நிப்பா. என்ன செல்லுற?" மறுநாள் வியாழக்கிழமை, விரும்பினவர்கள் சுன்னத்தாக நோன்பு பிடிக்கும் நாள். என் மூளையில் மின்னல் அடித்தது. கல்முனை முழுக்க வெளிச்சம் தெரிந்திருக்கும். "சுன்னத்து நோன்பு எண்டு செல்லு." "அல்லாஹ்ட விசயம் வாப்பா, அதப் போய்..." "பொய்யில்ல மகன். நோன்பையும் பிடி. சோதனையும் முடியும், நன்மையும் கிடைக்கும், மாமியும் சந்தோசம். ஒரே வலையில சூரையும் சுறாவும்." நீ சிரித்துவிட்டாய். நீ சிரித்தால் நான் வென்றேன் என்பது நம் இருவருக்கும் தெரிந்த சட்டம். நீ உண்மையாகவே நோன்பு பிடித்தாய், அதன் கூலி உனக்குண்டு. அதை எடுத்துத் திரையாகத் தொங்கவிட்டது நான்.

நோன்பு பிடிக்கும் மருமகனை வெறும் வயிற்றோடு விடுகிற மாமி இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை என்பதை இந்த மாமேதை மறந்துபோனார். விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு உன்னை எழுப்பியது தாளித்த நெய்யின் வாசம். சுடுசோறு, இறைச்சி, முட்டைப் பொரியல், தயிரும் பாணியும். "நோன்பாளிக்கு ஸஹர் பரக்கத்து மகன், வயிறாரத் தின்னுங்க." நீ தின்றாய். விடிந்து லெப் வாசலில் என்னைக் கண்டதும், "ஸஹர் சாப்பிட வெச்சிட்டாங்க வாப்பா. இண்டைக்கு வேணாம், இன்னொரு நாள் குடுப்பம்" என்றாய். திரும்பியிருக்கலாம். ஆனால் கிளினிக் நெருங்கிவிட்டது, இன்னொரு நாள் என்றால் இன்னொரு சாட்டுத் தேட வேண்டும், எனக்கோ கடை திறக்கிற அவசரம். உள்ளே மேசையில் இருந்த பிள்ளை, "வெறும் வயித்திலயா வந்தீங்க?" என்று உன்னைத்தான் கேட்டாள். நான் முந்திக்கொண்டேன். "இராவையில இருந்து ஒண்டும் தொடல்ல மகள். பிள்ளை நோன்பு. ஸஹர் கூடச் செய்யல்ல, அவ்வளவு பேணுதல்." அவள் மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு ஊசியை எடுத்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஊசிக்குப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளினிக்கில் லேடி டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கொழுப்பு எண்கள் தென்னை மரத்தில் ஏறியிருந்தன. ஈரல் எண்ணும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "சாப்பாட்டில மாற்றமா? சாப்பிட்டுட்டா இரத்தம் குடுத்தீங்க?" நீ என்னைப் பார்த்தாய். நான் டொக்டரைப் பார்த்து, "வீட்டுச் சாப்பாடுதான் டொக்டர், வெறும் வயித்திலதான்" என்றேன். திரும்பச் சோதிக்கச் சொன்னார். திரும்பவும் வியாழன், திரும்பவும் ஸஹர், திரும்பவும் நான். இரண்டாவது ரிப்போட்டும் அப்படியே வந்ததும் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். அவரில் குற்றமில்லை. எது குளிசையின் வேலை, எது நெய்யின் வேலை என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே சோதனை. அந்த வாய்க்காலை நான் மண் போட்டு அடைத்திருந்தேன். உன் உடம்பில் இரத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்த மருந்தைப் பாதியாக்கியது என் நாக்கு.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு நீ, "வாப்பா, மாமிட்டச் செல்லிருவம். எனக்கு இனி ஏலாது" என்றாய். நான் உடனே இறக்காமத்து யானையை அவிழ்த்துவிட்டேன். வயலுக்குள் வந்த யானை, காவல் குடிலில் நித்திரையான ஆளின் போர்வையை இழுத்துத் தான் போர்த்திக்கொண்டு படுத்து, விடிந்ததும் அவனை எழுப்பித் தேத்தண்ணி கேட்ட கதை. எத்தனையோ தரம் கேட்ட கதைதான். அன்றும் சிரித்தாய், மூச்சு வாங்கும்வரை சிரித்தாய். களுவாஞ்சிகுடி தாண்டும்போது என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாய். பேச்சு மாறிவிட்டதென்று எனக்குச் சந்தோசம். உன் உதடு வெளிறியிருந்ததைப் பார்த்தேன் மகன். பார்த்துக்கொண்டேதான் சந்தோசப்பட்டேன்.

பிறகு பல் முரசில் இரத்தம் கசிந்தது; அதையும் நீ எனக்கு மட்டும்தான் சொன்னாய்; நான் பல் தூரிகையைக் குறை சொன்னேன். ஒரு காலையில் மாமி வீட்டுக் கிணற்றடியில் விழுந்தாய். உன்னைக் கல்முனையிலிருந்து அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். நான் வந்து சேரும்போது உன் கட்டிலைச் சுற்றி மாமியும் ஹஸ்னாவும் நின்றார்கள். வார்டில் இருந்த இளம் டொக்டர், "இவர் வேற என்ன மருந்து பாவிக்கிறார்?" என்று கேட்டார். ஹஸ்னா கைப்பையிலிருந்து விட்டமின் போத்தலை எடுத்து நீட்டினாள். "இது மட்டுந்தான் டொக்டர்." மாமி பக்கத்தில் நின்று, "வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்ல டொக்டர். வியாழனில நோன்பு பிடிக்கிற பிள்ளை" என்றா. அவவின் முகத்தில் அந்த அழுகைக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது. நான் கட்டிலின் காலடியில் நின்றேன். மாமியின் முகத்தைப் பார்த்தேன், நாக்கு படுத்துவிட்டது. டொக்டர் எழுதிக்கொண்டு, போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் அவரைப் போக விட்டேன். உனக்குத் தெரியாதது இதுதான். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

ஹஸ்னா போத்தலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். போத்தலில் ஒட்டியிருந்த படத்தையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள். "மாமா, படத்தில இரிக்கிறது சிவப்பு. இது வெள்ளை. இது என்ன குளிசை?" அப்போதுதான் சொன்னேன். மேலே இருந்து கீழே வரை, ஸஹர் வரைக்கும் சொன்னேன். அவள் டொக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். அவள் கேட்டிராவிட்டால் சொல்லியிருப்பேனா? என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். ஓம் என்ற பதில் வரமாட்டேன் என்கிறது.

மற்றவை நீ கண் திறந்த பிறகு நடந்தவை, உனக்கே தெரியும். இரத்தம் ஏற்றினார்கள். லேடி டொக்டர் வந்து உண்மையான வெறும் வயிற்றில் சோதனை எடுக்கச் செய்தார். கொழுப்பு நாம் பயந்த அளவுக்கு இல்லை, ஈரலும் தாங்குகிறது என்று குளிசையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். உனக்குத் தெரியாத இன்னொன்று, வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உன் மாமிக்கும் எனக்கும் நடந்தது. அவ முந்தானையால் தலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தா. நான் போய்த் தள்ளி இருந்தேன்.

"மதினி, நான் பெரிய பிழை..."

"நான் ஸஹருக்கு எழும்பி நெய் ஊத்தி ஊத்தி ஆக்கினன் மச்சான். செல்லியிருந்தா அடுப்பே மூட்டியிருக்க மாட்டன். என்ட கையாலயே பிள்ளைட மருந்தக் குறைக்க வெச்சிட்டீங்க."

"வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்க எண்டு பயந்தன்."

தந்திருப்பேன் என்ற பதிலைத்தான் நான் எதிர்பார்த்தேன். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள்.

"தந்திருக்க மாட்டன்தான்" என்றா. "ஒரே பிள்ளை எனக்கு. அது என்ட பாவமா இருந்திருக்கும், நான் அல்லாஹ்ட்டப் பதில் செல்லியிருப்பன். அந்தப் பாவத்தச் செய்ய நீங்க என்ன விடல்ல. இந்தப் பாவத்தச் செய்ய வெச்சிட்டீங்க."

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வெளியே விட்டதும் உன்னை நம் வீட்டுக்கே கொண்டு போய்விடுகிறேன், அவவுக்கு இனிக் கரைச்சல் வேண்டாம் என்றேன். அதற்குள் ஹஸ்னா கதவடிக்கு வந்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "அவர் எங்க வாறாரெண்டு அவர்ட்டக் கேளுங்க மாமா. அவருக்கு வாயிரிக்கி. நீங்க ஏன் எப்பவும் அவருக்காகக் கதைக்கிறீங்க?" என்றாள். அன்றிலிருந்து மாமி என்னோடு நேராகக் கதைப்பதில்லை. நேற்றுப் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்துவிட்டு, "குடிக்கச் செல்லு" என்று ஹஸ்னாவிடம் சொன்னா. குடித்தேன். சீனி போட்டிருந்தா.

ஆகவே மகன், இந்தக் கிழமைக்குள் துண்டு வெட்டுவார்கள். நீ நற்பிட்டிமுனைக்குப் போனாலும் சரி, நம் வீட்டுக்கு வந்தாலும் சரி, முடிவு உன்னுடையது. உனக்கு ஹஸ்னா மன்னிப்புத் தந்தாளா என்று அவளிடம் நீதான் கேட்க வேண்டும். என் பொய்யை உன் வாயும் சுமந்தது, ஆனால் சுமத்தியவன் நான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு உன் மன்னிப்பு வேண்டும். இப்போது இல்லை, உனக்கு இரத்தம் ஊறட்டும். குளிசையை நீயாகக் கூட்டாதே, நீயாகக் குறைக்காதே. யாராவது நாட்டு மருந்து தந்தால் வாயில் போட முன் டொக்டரைக் கேள். கண் மஞ்சளித்தாலோ, ஒன்றுக்குத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, தவணை வரும்வரை காத்திராமல் அன்றைக்கே போ. லெப்பில் கேட்பார்கள், இராவைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று. சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று சொல்லு. திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான், மறுநாள் போகலாம். அடுத்த சோதனைக்கு ஹஸ்னா வருவாள், அல்லது மாமி வருவா, அல்லது நீ தனியாகப் போவாய். என்னையும் கூப்பிட்டால் கடையை மூடிவிட்டு வருவேன், ஆனால் உள்ளே வரமாட்டேன். வெளியே வாங்கில் இருப்பேன். அவர்கள் கேட்கிற கேள்விக்கு உன் குரல் பதில் சொல்வது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டால் போதும்.

உன் வாப்பா